பெயர் எழுதாத நூல்

நம் மும்பையில் கம்பளி தேடும் அளவுக்குக் குளிர் அடிப்பதில்லை. மார்கழி, தை மாதங்களின் சில விடியற்காலைகளில் மெல்லிய போர்வை ஒன்றை நாடுவோம், அவ்வளவே. ஆயினும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில், பிறந்த குழந்தைக்கெனப் பின்னிய தொப்பி ஒன்றோ, காலுறை ஒன்றோ, மேசைமேல் விரிக்கப் பின்னிய வெண்ணூல் விரிப்பு ஒன்றோ பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கக் காணலாம். “இதனைச் செய்தவர் யார்?” என வினவினால், “யாரோ ஓர் அத்தை பின்னிக் கொடுத்தது” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த ‘யாரோ’ என்ற சொல்லே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

பின்னற்கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஓலையையும் கோரையையும் மலரையும் பின்னிய கைகள் நம் மகளிர் கைகள். எனினும், நூலை ஊசியாலும் கட்டையாலும் முறுக்கிப் பூவேலை செய்யும் முறை மேனாட்டாருடன் வந்தது. இதற்குச் சொல்லே சான்று. இன்று நாம் ‘லேஸ்’ என்பதை நம் முன்னோர் ‘ரேந்தை’ என்றனர்; அது போர்த்துகீசிய மொழியினின்று தமிழில் புகுந்த சொல். ஒரு காலத்தில் இந்த மும்பைத் தீவுகளை ஆண்டவரும் அப்போர்த்துகீசியரே.

தமிழ்ப் பெண்களின் பிழைப்புத் தொழிலாக ரேந்தை வேரூன்றிய இடம் நாகர்கோவில். அஃது அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பாரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819-ஆம் ஆண்டில் அங்கு வந்தனர். 1821-ஆம் ஆண்டளவில் அவ்வம்மையார் தம் பெண்கள் பள்ளியில் இத்தொழிலைக் கற்பிக்கத் தொடங்கினார்.

அம்முறையைச் சிறிது விளக்குவோம். உருண்டையான திண்டு ஒன்றின்மேல், துளைகளால் வரைவு குறித்த அட்டையைப் பொருத்துவர். துளைதோறும் குண்டூசி நடுவர். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இணை இணையாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைக் கடத்தியும் முறுக்கியும் செல்வர். வேலை முடிந்து ஊசிகளைப் பறித்தால், காற்றில் வரைந்த கோலம்போல் நூற்பூ நிற்கும். ஓர் அங்குலம் வளரவே நெடுநேரமாகும். ஒரு கட்டை மாறினாலும் வரைவு கெடும்.

இவ்வளவு நுண்ணிய வேலையைச் செய்த சிறுமியர் யாவர்? அவருள் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர். நிலத்தோடு மனிதரையும் விற்ற காலம் அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னரே, ரேந்தை விற்ற கூலியைச் சேர்த்து, அப்பெண்களுள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறுகின்றது. அரசன் ஆணை வரும் முன்பே, ஒரு பெண்ணின் விரல்கள் அவளுடைய தளையை அறுத்தன. நூலிழைக்கு இத்தனை வலிமை உண்டென்று நம் வரலாற்று நூல்கள் உரக்கச் சொல்லவில்லை.

இன்னும் ஒரு முரணை ஈண்டு நினைத்தல் வேண்டும். அந்நாளில் தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணிதற்கு உரிமையற்றவராக இருந்தனர். அவ்வுரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட்டம் நிகழ்ந்து, 1859-ஆம் ஆண்டில்தான் அரசாணை பிறந்தது. கடல்கடந்த சீமாட்டியரின் கழுத்துப் பட்டைக்கு ரேந்தை பின்னிய ஊரில், பின்னியவரின் உடன்பிறந்தார்க்கு மார்பை மறைக்க ஒரு முழத் துணி மறுக்கப்பட்டது. 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் நாகர்கோவில் ரேந்தை வைக்கப்பட்டது. உலகம் அதனைக் கண்டது, செய்தவளைக் காணவில்லை.

மால்ட் தம்பதியரின் மகளார் எலைசா, 1844-ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலை அத்தேரிக்காட்டு ஊரிலும் பெண்களுக்குக் கற்பித்தார். கணவர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவருக்கு 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது, அது தக்கதே. ஆயினும் எலைசா அம்மையாரை அறிந்தோர் சிலர். அவரிடம் கற்ற பெண்களின் பெயரை அறிந்தோர் அவரினும் சிலர்.

இச்செய்தி நமக்கு அயலாருடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தாராவிக்குத் தமிழர் வரலாயினர். திருநெல்வேலிச் சீமையினின்று வந்தோர் அவருள் மிகப் பலர். நம் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் தோல் பட்டறையையும் ஆலையையும் அலுவலகத்தையும் பேசுவர். அவ்வுழைப்பாளிகளின் மனைவியர் மாலை வேளையில் மடியில் வைத்துச் செய்த கைவேலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

காலப்போக்கில் திண்டும் கட்டையும் அருகின. ஒற்றைக் கொக்கியூசியால் பின்னும் குரோஷாவும், இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளி வேலையும் பள்ளிக் கைவேலை வகுப்புகள் வழியாகவும் அண்டைவீட்டார் வழியாகவும் பரவின. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது, பனிமலையில் நின்ற வீரர்களுக்காக இந்திய நகரங்களில் மாதர் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினர். முகமறியா ஒருவனுக்குப் பின்னிய அப்பரிசில்களிலும் பின்னியவள் பெயர் இல்லை.

இனி, வண்ணத்திற்கு வருவோம். இந்நாளில் தம் கையாலேயே நூலுக்குச் சாயமேற்றிப் பின்னும் ஆர்வம் பலரிடம் எழுந்துள்ளது. இதிலும் நம் முன்னோர் கைதேர்ந்தவர். சோழமண்டலக் கரையின் சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்து செந்நிறம் தந்தது. அவுரி நீலம் தந்தது. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயம் கண்ட பின்னர், சில பத்தாண்டுகளில் இவ்வேர்களும் இலைகளும் சந்தையினின்று மறையத் தொடங்கின. பருத்தி நூல் எளிதில் இயற்கைச் சாயத்தைப் பற்றாது; முதலில் கடுக்காய் நீரிலும் பின்னர்ப் படிகார நீரிலும் ஊறவைத்தல் வேண்டும். கம்பளி அங்ஙனமன்று, சூட்டில் சாயத்தை விரைந்து ஏற்கும். ஆனால் கொதிநீரினின்று எடுத்துத் திடீரெனத் தண்ணீரில் இட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். கையால் தோய்த்த இரு கண்டுகள் ஒருபோதும் ஒரே நிறமாக அமையா. ஆதலின் அனுபவமுடையோர் இரு வரிசை ஒரு கண்டிலும் இரு வரிசை மறு கண்டிலுமாக மாற்றி மாற்றிப் பின்னுவர். நிறவேறுபாடு குறையாகத் தோன்றாது அழகாகிவிடும்.

வரைவு வகுப்பதும் நம் பெண்களுக்கு அரியதன்று. நேர்ப்புள்ளி இட்டுக் கோலம் போடுபவள், எத்தனை புள்ளிக்கு எங்கே வளைய வேண்டும் என்னும் கணக்கை ஏற்கெனவே அறிந்தவள். புள்ளியைக் கண்ணியாகக் கொண்டால் கோலமே பின்னல் வரைவாகும். திருநெல்வேலிப் பத்தமடையில் சாயமிட்ட கோரையால் நெய்யும் திருமணப் பாய்களில் மணமக்கள் பெயரையே எழுத்தாக நெய்துவிடுகின்றனர். அங்கும் பெறுவோர் பெயர் உண்டு. நெய்தவள் பெயர் இல்லை!

இந்நிலை மாறலாகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றொன்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தோற்றுவித்த ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் மகளிர் குழு, 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களிலும் பல நாடுகளிலும் தத்தம் வீட்டில் பெண்கள் பின்னிய துண்டுகளின் சேர்க்கை அது. பின்னர் அது பிரிக்கப்பட்டு எளியோர்க்குப் போர்வைகளாக வழங்கப்பட்டது. உலகக் கவனம் பெற்ற பின்னும் அப்பின்னல் தன் இயல்பாகிய ஈகையை விடவில்லை.

அன்பர்களே! கடையில் வாங்கிய பரிசிலுக்கு விலைச்சீட்டு உண்டு. கையால் பின்னிய பரிசிலுக்கு அதுவும் இல்லை. எத்தனை இரவுகள் அதில் அடங்கியுள்ளன என்பதை அறிந்தவள் ஒருத்தியே. அவளும் மறைந்துவிட்டால் அப்பொருள் ‘யாரோ’ செய்ததாகிவிடும். எனவே, நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ, அத்தையோ, ஆச்சியோ பின்னிய பொருள் உங்கள் வீட்டில் இருக்குமாயின், இன்றே அதன் பின்புறத்தில் சிறு துணித்துண்டில் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தைத்து வையுங்கள். அவர் உயிரோடிருப்பின், அவ்வரைவை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாகர்கோவிலில் தம் விடுதலையை நூலால் வாங்கிய பெண்களின் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். நம் இல்லத்துப் பெண்களின் பெயர்களையாவது இழவாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் மகளிர் கைவண்ணம்!