கரண்ட் வைத்தால் குரல் திரும்புமா?
தொண்டைப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை வந்த கதை

(பி.எஸ்ஸி. இயற்பியல், 1979–82 அணி)



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதைத் தடுத்தவன் என் அறைத்தோழன். "சாம்பார் கதையை எல்லாரும் எழுதுவாங்கடா. நீ உன் தொழிலைப் பத்தி எழுது. என் கதையையும் சேர்த்து எழுது. பேரை மட்டும் போடாதே" என்று கட்டளை போட்டான். கல்லூரி நாள் விழாவில் மூன்று வருடமும் மைக் பிடித்தவன் அவன். நம் அணியினர் யாரும் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள்.

நான் மருத்துவன் அல்ல. புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த இயற்பியல்காரன். எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவது என் தொழில். ஊரில் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். கரண்டும் இல்லை, ஷாக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர், அவ்வளவுதான்.

கதிருக்கு முன்

1886-ல் ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றால் மறைந்தார். இரண்டே ஆண்டில், 1888-ல், ஜெர்மனியின் பேரரசர் மூன்றாம் பிரெடரிக் குரல்வளைப் புற்றால் இறந்தார். அரியணையில் அவர் இருந்தது 99 நாட்கள்தான். சந்நியாசியானாலும் சக்கரவர்த்தியானாலும் அன்று மருத்துவம் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். 1898-ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டார்கள். உடனே அதைப் புற்றுநோய் மீது பாய்ச்சிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. ஆனால் ஒரே மூச்சில் நிறையக் கொடுத்ததால் தோல் வெந்தது, புண் ஆறவில்லை. கட்டியும் திரும்பி வந்தது.

ஆட்டுக்கடா சொன்ன பாடம்

வழி பிறந்தது பாரிஸில். ரெகோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆட்டுக்கடாவின் விதைப்பையில் கதிரைச் செலுத்திச் சோதித்தார். ஒரே நாளில் கொடுத்து விந்து உற்பத்தியை நிறுத்தப் பார்த்தால் மேல்தோல் வெந்து போனது. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் விந்து உற்பத்தி நின்றது, தோல் தப்பித்தது. வேகமாகப் பெருகும் செல்கள் புற்றுநோயைப் போல, மெதுவாகப் புதுப்பிக்கும் செல்கள் தோலைப் போல என்று அவர் கணக்குப் போட்டார்.

அவருடைய சகா கூட்டார்ட் இதைத் தொண்டைப் புற்று நோயாளிகளிடம் செய்து பார்த்தார். முற்றிய குரல்வளைப் புற்றும் கதிரால் குணமாகும், அதுவும் பயங்கரமான பின்விளைவு இல்லாமல், என்று 1922-ல் பாரிஸ் மாநாட்டில் காட்டினார்கள். இன்று உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 70 கிரே என்று கொடுக்கிறோமே, அதற்கு மூலவேர் இதுதான். "ஏன் சார் ஒரே நாள்ல முடிச்சுடக் கூடாதா?" என்று நோயாளிகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்டுக்கடாதான் நினைவுக்கு வரும்.

சென்னைக்கு வந்த கதிர்

1934-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. 1954-ல் அடையாறில் புற்றுநோய் நிலையம் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதம் அது. 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடத்தை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம். கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று அவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

இதற்கிடையில் 1951-ல் கனடாவில் கோபால்ட்-60 இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய எக்ஸ்-ரேயில் தோலுக்குத்தான் அதிக அடி. கோபால்ட் கதிரின் உச்சம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே விழும். தோல் பிழைக்கும், உள்ளே இருக்கும் கட்டிக்கு முழு அளவும் போய்ச் சேரும். பராமரிப்பும் எளிது. கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு. நாம் பி.எஸ்ஸி.யில் மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான், மாதா மாதம் சிகிச்சை நேரத்தைக் கூட்டிப் போட எனக்குச் சோறு போட்டது.

குரல் மிஞ்சுமா?

குரல்நாணில் மட்டும் இருக்கும் ஆரம்ப நிலைப் புற்று, பத்தில் ஒன்பது பேருக்குக் கதிரிலேயே குணமாகும். பேச்சும் தங்கும். முற்றியதென்றால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். கழுத்தில் துளை, மூச்சு அதன் வழியே. பேச்சு போய்விடும்.

1991-ல் அமெரிக்காவில் 332 முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒரு பாதிக்கு அறுவையும் கதிரும். மறுபாதிக்கு முதலில் கீமோ, பிறகு கதிர். இரண்டு ஆண்டுக்குப் பின் இரு பக்கமும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இரண்டாவது பக்கத்தில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை மிஞ்சியது. 2003-ல் வந்த இன்னொரு ஆய்வில், கீமோவையும் கதிரையும் ஒரே சமயத்தில் கொடுத்தபோது இரண்டாண்டில் 88 சதவீதம் பேர் குரல்வளையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கதிர் மட்டும் என்றால் 70 சதவீதம்.

பதினாறு நாள்

2004 மார்ச்சில் என் அறைத்தோழன் வந்தான். நாலு மாதமாகக் குரல் கம்மல். "கத்திக் கத்திப் பேசினதுதான்டா" என்று பீடியைப் பிடித்துக்கொண்டே தள்ளிப்போட்டிருக்கிறான். முற்றிய குரல்வளைப் புற்று. கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுத்துக் குரலைக் காப்பாற்றலாம் என்று டாக்டர்கள் முடிவெடுத்தார்கள். கணக்குப் போட்டவன் நான்.

19 நாள் கரண்ட் முடிந்தது. வாயெல்லாம் புண், எச்சில் வற்றிவிட்டது, கஞ்சி இறங்கவில்லை. பங்குனி உத்திரம் வந்தது. "குலதெய்வம் கோயில்டா, மூணு நாள்ல வந்துடறேன்" என்றான். "சீக்கிரம் வந்துடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பதினாறு நாள் கழித்து வந்தான். வலி தாங்கவில்லை, வீட்டிலும் "கரண்ட் உடம்பைக் கெடுத்துடும்" என்று தடுத்திருக்கிறார்கள்.

விதர்ஸ் என்ற அறிஞரின் ஆய்வு 1988-லேயே வந்துவிட்டது. நாலு வாரத்துக்குப் பிறகு, தப்பிய புற்றுச் செல்கள் வேகமெடுத்துப் பெருகும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே தேவை. பதினாறு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 9.6 கிரே. கிட்டத்தட்ட ஒரு வாரச் சிகிச்சை காற்றில் போனது. இந்தப் பெருக்கல் எனக்கு அன்றே தெரியும். நண்பனைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். சிகிச்சையை முடித்தான். அடுத்த ஆண்டு கட்டி திரும்பியது. குரல்வளையை எடுத்தார்கள்.

அந்தப் பதினாறு நாள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பீடி உண்டு, தாமதமாக வந்ததும் உண்டு. ஆனால் காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அதன் பிறகு எந்த நோயாளி லீவு கேட்டாலும், உட்கார வைத்து அந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவேன்.

பிறகு வந்தவை

நாள் கணக்கின் அருமையை உலகமும் உணர்ந்தது. வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு முறை கதிர் கொடுத்து, பல வளரும் நாடுகளில் 908 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. அதே மொத்த அளவு; ஒரு வாரம் முன்னதாக முடிந்தது. ஐந்தாண்டில் கட்டி அடங்கியவர்கள் 30 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். புது இயந்திரம் வாங்காமல் கிடைத்த லாபம் இது.

2011-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு. கதிரின் வடிவத்தை வளைத்து எச்சில் சுரப்பியைத் தப்பவிடும் ஐ.எம்.ஆர்.டி. முறையில், ஓராண்டுக்குப் பின் வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் 38 சதவீதம். பழைய முறையில் 74 சதவீதம். இட்லியைத் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடிவது எத்தனை பெரிய விஷயம் என்று என் நோயாளிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

2018-ல் மும்பை டாடா மருத்துவமனை, கதிரோடு கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்தை வாரா வாரம் சிறிதளவு கொடுப்பதைவிட மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழு அளவு கொடுப்பது நோயை நன்றாக அடக்குகிறது என்று 300 பேரிடம் நிறுவியது. பக்கவிளைவு கூடுதல்தான். ஆனாலும் இரண்டாண்டில் 58.5-க்கு எதிராக 73.1 சதவீதம்.

மாணவச் செல்வங்களுக்கு

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலோ, வாய்ப்புண் ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது கதிர் சிகிச்சை நடந்தால் பாதியில் நிறுத்த விடாதீர்கள். வலிக்கு மருந்து உண்டு, சாப்பிட முடியாவிட்டால் மூக்கு வழியே டியூப் உண்டு. பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 1993-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் இரண்டாண்டு பிழைத்தவர்கள் 39 சதவீதம், மற்றவர்களில் 66. இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

என் அறைத்தோழன் இருபது வருடத்துக்கு மேலாக நன்றாக இருக்கிறான். கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு, உள்ளே பொருத்திய சிறு வால்வு வழியே பேசுகிறான். கரகரப்பான குரல்தான், ஆனால் கிண்டல் குறையவில்லை. இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டினேன். "உன் மேலயே பழியைப் போட்டுக்காதே. கோயிலுக்குப் போனது நான்தானே" என்றான்.

சந்திப்பு நாளன்று அவனும் வருகிறான். மைக்கை ஒருமுறை அவன் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கொஞ்சம் சத்தத்தை அடக்கிக்கொண்டு கேளுங்கள், போதும்.