முன்பின் இரட்டைச் சுழலி மாதிரி உலங்கு வானூர்தியின் மின்னணுவியல்

முன்பின் இரட்டைச் சுழலி மாதிரி உலங்கு வானூர்தி என்பது, உடலின் முன்முனையில் ஒன்றும் பின்முனையில் ஒன்றுமாக இரண்டு கிடைமட்டச் சுழலிகளைக் கொண்டதும், தரையிலிருந்து வானலை வழியாக இயக்கப்படுவதுமான சிறிய பறக்கும் மாதிரி ஆகும். இரு சுழலிகளும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதால் அவற்றின் முறுக்குவிசைகள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. எனவே இதற்கு வால் சுழலி தேவைப்படுவதில்லை. ஒற்றைச் சுழலி மாதிரிகளுக்கென விற்கப்படும் கட்டுப்பாட்டுப் பலகைகள் பெரும்பாலும் இவ்வமைப்புக்குப் பொருந்தா. ஆகவே இதனை உருவாக்குவோர் கட்டுப்பாட்டுச் சுற்றையும் நிரலையும் தாமே அமைத்துக்கொள்ளும் தேவை அடிக்கடி எழுகின்றது.

பின்னணி

பிரான்சைச் சேர்ந்த பால் கோர்னு 1907-ஆம் ஆண்டு உருவாக்கிய உலங்கு வானூர்தி இவ்வகை அமைப்பைக் கொண்டிருந்தது. அமெரிக்காவில் பிராங்க் பியாசெக்கி வடிவமைத்த வானூர்தி 1945 மார்ச்சில் பறந்தது. இவ்வகையில் மிகவும் அறியப்பட்ட சினூக் 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. இந்திய வான்படை 15 சினூக் ஊர்திகளுக்கு 2015-இல் ஒப்பந்தம் செய்து, 2019 மார்ச் 25 அன்று சண்டிகரில் அவற்றைச் சேவையில் சேர்த்தது.

ஆளில்லா வகையிலும் இந்தியாவில் இவ்வமைப்பு பயன்படுகின்றது. கான்பூர் இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்த எண்டியூர்ஏர் நிறுவனத்தின் சபல்-20 என்னும் மின்சார ஊர்தி இரண்டு முன்பின் சுழலிகளைக் கொண்டது. 20 கிலோகிராம் வரை சுமை தூக்கக்கூடிய இவ்வூர்தி 2024 நவம்பரில் இந்தியத் தரைப்படைக்கு வழங்கப்பட்டது.

பறப்புக் கட்டுப்பாடு

முன்பின் சுழலி ஊர்தியின் நான்கு அசைவுகள் பின்வருமாறு பெறப்படுகின்றன.

* ஏற்ற இறக்கம்: இரு சுழலிகளின் இறக்கைக் கோணமும் ஒருசேரக் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும்.
* மூக்கைத் தாழ்த்தல், உயர்த்தல்: ஒரு சுழலியின் இறக்கைக் கோணம் கூட்டப்பட்டு மற்றதன் கோணம் குறைக்கப்படும்.
* பக்கவாட்டுச் சாய்வு: இரு சுழலிகளும் ஒரே பக்கமாகச் சாய்க்கப்படும்.
* திசை திருப்பம்: முன்சுழலி ஒரு பக்கமும் பின்சுழலி எதிர்ப்பக்கமும் சாய்க்கப்படும்.

சுழலியின் அடியிலுள்ள சாய்தட்டைச் சர்வோ இயக்கிகள் அசைக்கின்றன. முன்பின் சாய்வை விட்டுவிட்டால் ஒரு சுழலிக்கு இரண்டு சர்வோக்கள் வீதம் நான்கு போதுமானவை. முழுமையான சாய்வு வேண்டுமெனில் ஆறு தேவைப்படும்.

கலவைக் கணக்கு

இயக்குபவரின் நான்கு கட்டளைகளை நான்கு சர்வோக்களுக்குப் பங்கிடும் கணக்கு கலவை எனப்படும். ஏற்றம், மூக்குத் தாழ்வு, வலச்சாய்வு, வலத்திருப்பம் ஆகியவற்றை நேர்க்குறியாகக் கொண்டால் கலவை பின்வருமாறு அமையும்.

* முன் இடது = ஏற்றம் − தாழ்வு + சாய்வு + திருப்பம்
* முன் வலது = ஏற்றம் − தாழ்வு − சாய்வு − திருப்பம்
* பின் இடது = ஏற்றம் + தாழ்வு + சாய்வு − திருப்பம்
* பின் வலது = ஏற்றம் + தாழ்வு − சாய்வு + திருப்பம்

சர்வோவின் நடுநிலை 1500 மைக்ரோநொடித் துடிப்பு எனக் கொள்க. ஏற்றம் 100, தாழ்வு 50, சாய்வு 0, திருப்பம் 40 எனில் மேற்கண்ட வரிசையில் 1590, 1510, 1610, 1690 மைக்ரோநொடிகள் கிடைக்கும். சுழலியில் கோணமாற்றத்தின் விளைவு ஏறத்தாழ 90 பாகை பின்தங்கித் தோன்றும். இணைப்புக் கம்பிகளின் அமைப்பு இதனைச் சரிசெய்துள்ளது என்னும் எடுகோளின்மீதே இக்கணக்கு அமைந்துள்ளது. தலைகீழாகப் பொருத்தப்பட்ட சர்வோவுக்குக் குறியை மாற்றவேண்டும்.

நான்கு கட்டளைகளும் ஒன்றுசேரும்போது கூட்டுத்தொகை சர்வோவின் எல்லையைக் கடக்கக்கூடும். அந்நிலையில் ஒரு சர்வோவை மட்டும் எல்லையில் நிறுத்தினால் ஊர்தி எதிர்பாராத பக்கம் சாயும். எனவே நிரல் முதலில் திருப்பத்தின் பங்கைக் குறைத்து, சாய்வையும் தாழ்வையும் காப்பது நல்லது.

சுழலிகளின் ஒத்தியக்கம்

சினூக்கில் இரு சுழலிகளின் வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. இறக்கைகள் மோதாதவாறு ஒரு சுழல்தண்டு அவற்றை இணைக்கின்றது. மாதிரியில் அத்தண்டுக்குப் பதிலாக இரண்டு தனி மின்னோடிகளை வைத்து, மின்னணு முறையில் ஒத்தியங்கச் செய்யலாமா என்னும் கேள்வி எழுவது இயல்பு.

நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழலும் சுழலி ஒரு நொடியில் 9000 பாகை திரும்புகின்றது. மூன்று இறக்கைகள் கொண்ட சுழலிகளில் ஒன்றன் இறக்கை மற்றதன் இரு இறக்கைகளுக்கு நடுவே செல்லவேண்டும். அதற்கான இடைவெளி 60 பாகை ஆகும். அதைக் கடக்க 6.7 மில்லிநொடிகளே ஆகும். வழக்கமான வேகக் கட்டுப்படுத்திக்கு 20 மில்லிநொடிக்கு ஒருமுறையே கட்டளை செல்கின்றது. அதற்குள் சுழலி 180 பாகை திரும்பிவிடும். ஆகவே வட்டங்கள் படியும் மாதிரிகளில் பல்சக்கரப் பட்டை அல்லது தண்டு கொண்ட இயந்திர இணைப்பே வேண்டும். இரு மின்னோடிகளைப் பயன்படுத்த விரும்புவோர் சுழலி அச்சுகளின் இடைவெளியைச் சுழலியின் விட்டத்தைவிட அதிகமாக வைக்கவேண்டும்.

நுண்கட்டுப்படுத்தி

ஆர்டுயினோ பலகைகளில் காணப்படும் ஏ.டி.மெகா328 போன்ற எளிய நுண்கட்டுப்படுத்தியே கலவைக் கணக்கிற்குப் போதுமானது. அதன் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்தால் ஒவ்வோர் எண்ணிக்கையும் அரை மைக்ரோநொடி ஆகும். 20 மில்லிநொடி என்பது 40,000 எண்ணிக்கை. 16 இருமங்கள் கொண்ட எண்ணியில் 65,536 வரை அடங்குவதால் இது எளிதில் பொருந்துகின்றது. நிரலைப் புதிதாக எழுத விரும்பாதோர், முன்பின் சுழலி அமைப்பை ஏற்கும் ஆர்டுபைலட் என்னும் திறந்தமூல மென்பொருளை அதற்குரிய பலகையில் பயன்படுத்தலாம்.

கொட்பளவியும் அதிர்வும்

வால் சுழலியும் பெரிய வால் துடுப்பும் இல்லாமையால் இவ்வூர்தி தன் திசையைத் தானே காத்துக்கொள்வதில்லை. எனவே திரும்பும் வேகத்தை அளக்கும் கொட்பளவி இன்றியமையாதது. எம்.பி.யு-6050 போன்ற சில்லுகள் மூன்று அச்சுகளிலும் அளவீடு தருகின்றன.

1500 சுற்று வேகத்தில் நொடிக்கு 25 முறை அதிர்வும், மூன்று இறக்கைகளால் 75 முறை அதிர்வும் தோன்றும். பின்னதை எண்ணிம வடிகட்டியால் பெரிதும் குறைக்கலாம். முன்னது ஊர்தியின் உண்மையான அசைவுகளுக்கு நெருக்கமானது. அதனை வடிகட்டினால் கட்டுப்பாடு தாமதமாகும். ஆகவே இறக்கைகளின் எடையைச் சமன்செய்வதும், சில்லை மென்பஞ்சின்மீது பொருத்துவதும் தேவை.

மின்வழங்கல்

மூன்று கலங்கள் கொண்ட இலித்தியம் பாலிமர் மின்கலம் முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட்டு தரும். சர்வோக்களுக்கு 5 வோல்ட்டு போதும். நேரியல் சீராக்கி வழியாக 2 ஆம்பியர் எடுத்தால் 15.2 வாட்டு வெப்பமாக வீணாகும். கோடையில் 40 பாகை செல்சியசை எட்டும் மதுரைச் சமவெளியில் இவ்வெப்பத்தை வெளியேற்றுவது கடினம். எனவே நிலைமாற்றுச் சீராக்கி பயன்படுத்தப்படுகின்றது.

சர்வோக்கள் ஒரே நேரத்தில் அசையும்போது மின்னழுத்தம் நொடிப்பொழுது சரியும். அதே வழங்கலில் நுண்கட்டுப்படுத்தியும் இருந்தால் அது மீளத்தொடங்கி, அந்த இடைவெளியில் ஊர்தி கட்டுப்பாட்டை இழக்கும். இதனைத் தவிர்க்க நுண்கட்டுப்படுத்திக்குத் தனிச் சீராக்கி அமைக்கப்படுகின்றது.

பறப்புக்கு முந்தைய சோதனைகள்

* எல்லாச் சோதனைகளும் முதலில் இறக்கைகளைக் கழற்றிய பின்னரே செய்யப்படவேண்டும்.
* ஊர்தியைக் கையால் வலப்பக்கம் திருப்பினால் முன்சாய்தட்டு இடப்பக்கமும் பின்சாய்தட்டு வலப்பக்கமும் சாயவேண்டும். குறி மாறியிருந்தால் கொட்பளவி பிழையைத் திருத்தாமல் பெருக்கும். தரையை விட்டு எழுந்தவுடன் ஊர்தி சுழன்று விழும்.
* செலுத்தியை அணைத்தால் மின்னோடி நிற்கவேண்டும்.
* மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீண்டும் வந்தால் மின்னோடி தானாகத் தொடங்கக்கூடாது.

இந்தியாவில் சட்டநிலை

2.4 முதல் 2.4835 வரையான கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. 2022 பிப்ரவரி 9 அன்று முழுமையான ஆளில்லா ஊர்திகளின் இறக்குமதி, ஆய்வு, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் நீங்கலாகத் தடைசெய்யப்பட்டது. உதிரிப்பாகங்களுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ஊர்திகளை எடைவாரியாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோகிராம் வரை மைக்ரோ, 25 கிலோகிராம் வரை சிறியது ஆகும். மாதிரி ஊர்திகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. வானூர்தி நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டர், உயரம் வரை பச்சை மண்டலமாகக் கொள்ளப்படுகின்றது. வைகைக் கரையிலுள்ள வண்டியூர், மதுரை வானூர்தி நிலையத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொலைவு எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், பறக்கவிடும் திடல் எம்மண்டலத்தில் உள்ளது என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் முன்னதாகச் சரிபார்ப்பது அவசியம். மேலும் அவ்விதிகள் ஒரு பகுதியை 96 மணிநேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க இடமளிக்கின்றன. அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் சித்திரைத் திருவிழா போன்று மக்கள் திரளும் நாட்களில் மாதிரிகளைப் பறக்கவிடுதல் தவிர்க்கப்படவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உலங்கு வானூர்தி
* கொட்பளவி
* நுண்கட்டுப்படுத்தி
* ஆளில்லா வானூர்தி