மொனிட்டர் சாகவில்லை, வெளிச்சம்தான் போயிருக்கிறது



1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாம் புத்தளம் முகாம்களில் குப்பி விளக்கில் படித்தோம்.

இன்று சாட்டியில் திரை கறுத்தாலே மொனிட்டரைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம்.

எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பழைய மொனிட்டர்களில் பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் எரியும். உள்ளே சிறிது பாதரசம். இன்வேர்ட்டர் பல நூறு வோல்ட் கொடுக்கும். 1993இல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அதை வைத்து வெள்ளை எல்இடி வந்தது, குழல்கள் மெல்ல ஒதுங்கின. அகசாகி, அமானோ இருவருடன் 2014இல் அவருக்கு நோபல் பரிசு.

கறுத்த திரையில் டோர்ச்சைச் சரித்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நல்லது. செம்மை படர்ந்து எரிந்தால் குழல் தேய்ந்துவிட்டது. இரண்டு விநாடியில் அணைந்தால் குழல் அல்லது இன்வேர்ட்டர்; அங்கே பல வேளை கப்பாசிற்றர் உப்பியிருக்கும். அது மலிவான சாமான். குழலுக்குப் பதில் எல்இடி பட்டியும் பொருத்தலாம். மின் அதிர்ச்சி ஆபத்து உண்டு, தெரிந்தவரே திறக்கட்டும்.

போத்தலில் வெளிச்சம் கண்ட மண் இது. வீச முன் ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்ப்போம். ஒரு பிள்ளை படிக்க அது போதும், இன்ஷா அல்லாஹ்.