மின்காப்பும் வெப்ப எல்லையும்

மின் மோட்டாரின் இரும்பும் செம்பும் நெடுங்காலம் உழைக்க வல்லவை. ஆனால் செம்புக் கம்பியைப் போர்த்தியுள்ள காப்புப் பொருள் வெப்பத்தால் முதுமை எய்தும். அது கெட்டால் மோட்டாரும் கெடும். ஆகவே, மோட்டார் எவ்வளவு சூடேறலாம் என்னும் வினாவுக்குக் காப்புப் பொருளே விடையாயிற்று.

1913ஆம் ஆண்டில் ஸ்டைன்மெட்ஸ், லாம் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் இருவர், காப்புப் பொருள்களை வகைப்படுத்தி வகைதோறும் வெப்ப எல்லை வகுத்தல் வேண்டும் என எழுதினர். பின்னர் நிலைபெற்ற முறைப்படி, வார்னிஷில் தோய்த்த பருத்தி, பட்டு, காகிதம் ஆகியவை ‘ஏ’ வகை. எல்லை 105 டிகிரி சென்டிகிரேடு. காக்காய்ப்பொன், கண்ணாடி இழை முதலியவற்றைப் பிசினால் பிணைத்தவை ‘பி’ வகை, எல்லை 130. சிலிக்கோன் பிசின்கள் வந்தபின் ‘எச்’ வகை 180ஐ எட்டியது.

எல்லை கடந்த கணமே காப்பு அழிந்துவிடுமோ எனின், அன்று. மின்மாற்றிக் காப்பை ஆராய்ந்த மான்சிங்கர், வெப்பநிலை 8 டிகிரி உயருந்தோறும் ஆயுள் பாதியாகக் குறையும் என 1930இல் கூறினார். காப்பு நலிவதை ஒரு வேதிவினையாகவே கொண்டு கணக்கிடலாம் என 1948இல் டேக்கின் விளக்கினார்.

‘பி’ வகையின் கணக்கைக் காண்க. சுற்றுப்புற வெப்பநிலை 40, சுருளின் சராசரி வெப்ப உயர்வு 80, சுருளில் மிகச் சூடேறும் இடத்திற்கென ஒதுக்குவது 10, ஆக 130. சுற்றுப்புறம் 40ஐத் தாண்டுமாயின், சுமையைக் குறைத்தல் வேண்டும். குறையாவிடில் மோட்டார் அன்றும் ஓடும்; ஆனால் பல்லாண்டு உழைக்கவேண்டியது சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும்.