புதிய ஆசிரியர் வழிகாட்டல்

புதிய ஆசிரியர் வழிகாட்டல் என்பது, ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பள்ளியொன்றில் முதன்முறையாகப் பணியில் சேர்ந்தவருக்கு அவருடைய தொடக்க ஆண்டுகளில் பள்ளியும் மூத்த ஆசிரியர்களும் கல்வித்துறையும் திட்டமிட்டு அளிக்கும் துணையைக் குறிக்கும். வழிகாட்டி ஆசிரியரை நியமித்தல், பாடவேளைகளைக் குறைத்தல், வகுப்புகளை உற்றுநோக்கிக் கலந்துரையாடுதல் ஆகியன இதன் முதன்மைக் கூறுகளாகும். பணிக்கு முன் பெறும் கல்வியியல் பட்டத்திலிருந்தும், பணியிலுள்ள ஆசிரியர்கள் அனைவருக்கும் பொதுவான பணியிடைப் பயிற்சியிலிருந்தும் இது வேறுபட்டது.

பின்னணி

பெரும்பாலான தொழில்களில் பொறுப்பு படிப்படியாகவே புதியவர் கைக்கு வருகிறது. இந்தியாவில் மருத்துவப் பட்டப்படிப்பை முடிப்பவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்றுகிறார். இளம் வழக்கறிஞர் மூத்தவர் ஒருவரிடம் இளையவராகச் சேர்கிறார். மென்பொருள் நிறுவனங்களில் புதியவர் எழுதும் நிரலை மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே பயன்பாட்டுக்கு அனுப்புவது வழக்கம். பள்ளியில் நிலை வேறு. இருபது ஆண்டு அனுபவம் உடையவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணிக்கையிலான பாடவேளைகளும் ஒரே அளவிலான பொறுப்புகளுமே ஒதுக்கப்படுகின்றன. வகுப்பறையினுள் நடப்பதைச் சக ஆசிரியர்கள் காணும் வாய்ப்பும் குறைவு.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லோர்ட்டி, 1975இல் வெளிவந்த "ஸ்கூல்டீச்சர்" என்னும் நூலில் இவ்வியல்பை விரிவாக ஆராய்ந்தார். ஆசிரியராக வருபவர் தாம் மாணவராக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஆசிரியர்களைக் கவனித்திருக்கிறார். அதனால் இத்தொழிலை ஏற்கனவே அறிந்தவராகத் தம்மைக் கருதுகிறார். ஆயினும் மாணவர் இருக்கையிலிருந்து பார்ப்பவருக்குப் பாடத்தின் பின்னுள்ள திட்டமிடலும், ஆசிரியர் எடுக்கும் முடிவுகளின் காரணங்களும் புலப்படுவதில்லை என்று அவர் விளக்கினார்.

முதலாண்டின் சிக்கல்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் சைமன் வீன்மன், பல நாடுகளில் நடந்த 83 ஆய்வுகளைத் தொகுத்து 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய ஆசிரியர்கள் மிகுதியாகக் குறிப்பிட்ட சிக்கல்களுள் வகுப்பு ஒழுங்கு முதலிடம் பெற்றது. மாணவர்களுக்கு ஆர்வமூட்டுதல், தனியாள் வேறுபாடுகளுக்கேற்பக் கற்பித்தல், மாணவர் பணிகளை மதிப்பிடுதல், பெற்றோருடனான உறவு ஆகியன அதற்கு அடுத்து வந்தன. பயிற்சிக் காலத்தில் உருவான இலட்சியங்கள் அன்றாட வகுப்பறையின் முன் தளர்வதை அவர் "நடைமுறை அதிர்ச்சி" என்னும் கருத்தின்வழி விளக்கினார்.

கலிபோர்னியாவில் புதிய ஆசிரியர்களுடன் பணியாற்றிய எலன் மோயர், முதலாண்டின் மனநிலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். அவை: எதிர்பார்ப்பு, பிழைத்திருத்தல், மனச்சோர்வு, புத்துணர்வு, மீள்சிந்தனை. பள்ளி திறந்த சில வாரங்களில் எதிர்பார்ப்பு மறைந்து, அன்றன்றைய பாடத்தை ஒப்பேற்றுவதே பெரும்பாடாகிறது. முதற்பருவத்தின் நடுவில் திருத்த வேண்டிய ஏடுகளும் பெற்றோர் சந்திப்பும் அலுவலர் மதிப்பீடும் ஒருசேர வரும்போது சோர்வு உச்சத்தை அடைகிறது. பருவ விடுமுறைக்குப் பின் சற்றே தெளிவு பிறக்கிறது. எல்லோரும் இதே வரிசையில் இக்கட்டங்களைக் கடப்பார்கள் என்று கொள்ள இயலாது. எனினும், பணியில் சேரும் நாளன்று நடத்தும் வரவேற்புக் கூட்டத்தைவிட இரண்டாம், மூன்றாம் மாதங்களில் கிடைக்கும் துணையே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

துணையின் கூறுகள்

* நேரம்: பாடவேளைகள் குறைக்கப்படும்போதுதான் மற்ற உதவிகளைப் பயன்படுத்திக்கொள்ள இயலும். வழிகாட்டிக்கும் புதியவருக்கும் பொதுவான ஓர் ஓய்வுப் பாடவேளை இல்லையெனில் சந்திப்பு நடைபெறாது.

* வழிகாட்டி ஆசிரியர்: அதே பாடத்தை அல்லது அதே வகுப்பு நிலையைக் கற்பிப்பவராக இருத்தல் நன்று. சிறந்த ஆசிரியர் எல்லோரும் சிறந்த வழிகாட்டியாவதில்லை. ஆகையால் வழிகாட்டிக்கும் பயிற்சி தேவை.

* இருவழி உற்றுநோக்கல்: வழிகாட்டி புதியவரின் வகுப்பைக் காண்பதோடு, புதியவரும் மூத்தவர்களின் வகுப்புகளைக் காண வேண்டும். மூத்தவரின் வகுப்பிலும் பாடம் தடுமாறும் தருணங்கள் உண்டு என்பதை அறிவதே ஒரு பெரிய ஊக்கமாகும்.

* குறிப்பான பாராட்டு: "நன்றாக இருந்தது" என்னும் பொதுச்சொல்லால் பயன் குறைவு. "விடை சொல்லாத மாணவியிடம் கேள்வியை எளிமையாக்கி மீண்டும் கேட்டீர்கள், அதன் பின்னரே வகுப்பு உங்களோடு வந்தது" என்பது போன்ற கூற்று, எதனைத் தொடர்ந்து செய்யலாம் என்பதைக் காட்டுகிறது.

* வகுப்பு ஒதுக்கீடு: பிறர் ஏற்கத் தயங்கும் வகுப்புகளையும் கூடுதல் பணிகளையும் புதியவர் தலையில் சுமத்தும் வழக்கம் பல நாடுகளில் காணப்படுகிறது. இதனைத் தவிர்ப்பது தலைமையாசிரியரின் பொறுப்பாகும்.

* மதிப்பீட்டிலிருந்து விலக்கு: பணி நிலைப்பாட்டைத் தீர்மானிப்பவரே வழிகாட்டியாகவும் இருந்தால், புதியவர் தம் குறைகளை அவரிடம் மனம்விட்டுக் கூற மாட்டார். எனவே இவ்விரு பணிகளையும் வெவ்வேறு நபர்களிடம் ஒப்படைப்பது விரும்பத்தக்கது.

பல்வேறு நாடுகளில்

ஜப்பானில் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளின் புதிய ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, 1989 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்குச் சுமார் 10 மணிநேரம் பள்ளிக்குள்ளும், ஆண்டிற்குச் சுமார் 25 நாட்கள் பள்ளிக்கு வெளியிலும் பயிற்சி அளிப்பது அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

நியூசிலாந்தில் முதலாண்டு ஆசிரியருக்கு வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாம் ஆண்டில் பத்தில் ஒரு பங்கும் வழிகாட்டலுக்கென ஒதுக்கப்படுகின்றன. ஐந்து நாள் வாரத்தில் இவை முறையே ஒரு நாளுக்கும் அரை நாளுக்கும் சமமாகும்.

ஸ்காட்லாந்தில் 2002இல் தொடங்கிய திட்டம், அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பயிற்சி முடித்த தகுதியுடைய ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பணியிடத்தை உறுதிசெய்தது. தொடக்கத்தில் அவர்களுடைய கற்பித்தல் நேரம் வழக்கமான அளவில் 70 விழுக்காடாக இருந்தது. பின்னர் இது உயர்த்தப்பட்டது.

இங்கிலாந்தில் 1999இல் ஓராண்டு வழிகாட்டல் காலம் கட்டாயமானது. 2021இல் இது ஈராண்டாக நீட்டிக்கப்பட்டது. முதலாண்டில் 10 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காடும் கற்பித்தல் நேரம் குறைக்கப்படுகிறது. மதிப்பிடுபவரும் வழிகாட்டியும் வெவ்வேறு பொறுப்புகள் என்பதும் விதிகளில் இடம்பெற்றுள்ளது. 2025 செப்டம்பர் முதல் இத்திட்டம் புதுக்கிய வடிவில் தொடர்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. கலிபோர்னியா 1988 முதல் 1992 வரை நடத்திய முன்னோட்டத்திற்குப் பின் மாநிலம் தழுவிய திட்டமொன்றை ஏற்படுத்தியது. 1998இல் எலன் மோயர் நிறுவிய நியூ டீச்சர் சென்டர் இத்துறையில் அறியப்பட்ட அமைப்பாகும்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் கல்வியியல் இளவர் பட்டப்படிப்பு 2015 முதல் ஈராண்டாக்கப்பட்டுப் பள்ளிப் பயிற்சிக் காலமும் நீட்டிக்கப்பட்டது. இது பணிக்கு முந்தைய பயிற்சியாகும். அரசுப் பணியில் சேர்ந்தபின் வரும் தகுதிகாண் பருவம் ஒரு நிருவாக ஏற்பாடு. பாடவேளைக் குறைப்போ தனி வழிகாட்டியோ அதில் இயல்பாக அடங்குவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களுக்கான தேசிய வழிகாட்டல் இயக்கம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2022 ஜூலையில் கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா உள்ளிட்ட 30 பள்ளிகளில் அது முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது.

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் வழிகாட்டியாகக்கூடிய மூத்தவர் அதே வளாகத்தில் இருப்பது அரிது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களும், குறுவள மையக் கூட்டங்களும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடிய அமைப்புகளாகும்.

இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகள் பின்பற்றிவந்த மூன்றாண்டுப் பாடநெறியில், முதலிரு ஆண்டுகள் கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு பள்ளியில் கட்டுறு பயிற்சியாகவும் அமைந்தன. முழுப் பொறுப்பை ஏற்கும் முன்னரே ஓராண்டு பள்ளிச் சூழலில் பழகுவதற்கு இது வழிவகுத்தது.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்காவில் புதிய ஆசிரியர்களுள் 40 முதல் 50 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குள் தொழிலை விட்டு நீங்குவதாக ரிச்சர்ட் இங்கர்சால் 2003இல் மதிப்பிட்டார். 2007-08இல் பணியேற்றவர்களைத் தொடர்ந்து கண்காணித்து 2015இல் வெளியிடப்பட்ட அரசு ஆய்வு, ஐந்தாம் ஆண்டில் 17 விழுக்காட்டினரே நீங்கியிருந்ததாகத் தெரிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொருளாதார மந்தநிலை நிலவியதும் கருதத்தக்கது. அதே ஆய்வின்படி, முதலாண்டில் வழிகாட்டி நியமிக்கப்பட்டவர்களுள் 86 விழுக்காட்டினரும், நியமிக்கப்படாதவர்களுள் 71 விழுக்காட்டினரும் ஐந்தாம் ஆண்டில் கற்பித்துக்கொண்டிருந்தனர். வழிகாட்டியை நியமிக்கும் பள்ளிகள் பிற வகைகளிலும் சிறந்தவையாக இருக்கக்கூடும் என்பதால், இவ்வேறுபாடு முழுவதையும் வழிகாட்டலின் விளைவாகக் கொள்ள முடியாது.

பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அமெரிக்கக் கல்வித்துறைக்காக நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வின் இறுதி அறிக்கை 2010இல் வெளிவந்தது. விரிவான வழிகாட்டல் பெற்றவர்கள் பணியில் நீடிக்கும் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஈராண்டுகள் அத்துணையைப் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள், மூன்றாம் ஆண்டில் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேற்றம் காட்டினர். ஓராண்டு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் தென்படவில்லை.

விமர்சனங்கள்

வழிகாட்டி என்பது பெயரளவுப் பொறுப்பாகவே நின்றுவிடுவது முதன்மையான குறை. வழிகாட்டிக்கு நேரம் ஒதுக்காமல் பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதும்போது இருவருக்குமே சுமை கூடுகிறது. படிவங்களும் அறிக்கைகளும் பெருகுவதும், பயிற்சிக் கல்லூரியில் படித்ததையே மீண்டும் படிக்க நேர்வதும் இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுத் திட்டத்தின்மீது எழுந்த குறைகளாகும். மூத்தவரின் பழைய வழக்கங்களைப் புதியவர் அப்படியே பின்பற்றி, தம் புதிய முயற்சிகளைக் கைவிடும் ஆபத்தும் சுட்டிக்காட்டப்படுகிறது. மேலும், மிகுதியான மாணவர் எண்ணிக்கை, குறைந்த ஊதியம், நிரப்பப்படாத பணியிடங்கள் ஆகியவற்றால் விளையும் சிக்கல்களை வழிகாட்டலால் மட்டும் தீர்க்க இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* ஆசிரியர் கல்வி
* பணியிடைப் பயிற்சி
* வகுப்பறை மேலாண்மை
* தகுதிகாண் பருவம்