பறவைக் குரல் கேட்ட படப்புத்தகங்கள்

1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ என்னும் நூல் வெளிவந்தது. ‘புலன்களுக்கு எட்டும் உலகம், படங்களில்’ என்று இப்பெயரைத் தமிழில் சொல்லலாம். இதை எழுதியவர் மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் (1592–1670). குழந்தைகளுக்கென்றே படங்களோடு அமைந்த தொடக்ககால நூல்களுள் பெரும்புகழ் பெற்றது இதுவே.

நூலின் தொடக்கத்தில் எழுத்து வரிசை உள்ளது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு படமும் ஓர் ஒலியும் உண்டு. முதல் எழுத்தைக் கற்றுத் தருவது காகம். அது கத்தும் ஒலியே அந்த எழுத்தின் ஒலி. ‘ப’ ஒலிக்குக் கோழிக்குஞ்சும் ‘உ’ ஒலிக்கு ஆந்தையும் வருகின்றன. ஆகவே எழுத்தைப் படிக்கும் முன்பே குழந்தை பறவையைப் போலக் கத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நம் வகுப்பறைகளில் காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று ஒலி மரபு சொல்லித் தருகிறோம் அல்லவா? கொமேனியஸும் அவ்வாறே லத்தீனில் பறவைகளுக்கு வெவ்வேறு வினைச்சொற்களைக் கொடுத்திருக்கிறார்.

பின்வரும் பாடங்களில் வீட்டுப் பறவைகள், பாடும் பறவைகள், வயலிலும் காட்டிலும் வாழ்பவை, இரை பிடித்துண்பவை, நீர்ப்பறவைகள் என வகை பிரித்துக் காட்டுகிறார். படத்திலுள்ள பறவைக்கு ஓர் எண். அதே எண் பாடத்தில் அதன் பெயருக்கு அருகிலும் இருக்கும். விரலை வைத்துத் தேடிப் பொருத்துவது குழந்தையின் வேலை. பள்ளிக்கு வருமுன்பே வீட்டில் இந்நூலைக் குழந்தைகளின் கையில் கொடுத்து விருப்பம்போல் பார்க்க விட வேண்டும், படங்களைப் பார்த்து வரைய விரும்பினால் தடுக்கக்கூடாது என்று முன்னுரையில் கூறுகிறார். புத்தகம் கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் இன்றும் உள்ளதை எண்ணினால், இது துணிச்சலான அறிவுரைதான்.

அடுத்த பெரிய மாற்றம் பொம்மை செய்வோரிடமிருந்து வந்தது. ஜெர்மனியின் சொன்னெபெர்க் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே தியோடோர் பிராண்ட் என்பவர் 1870களின் இறுதியில் ‘பேசும் படப்புத்தகம்’ ஒன்றை உருவாக்கினார். படப் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதனுள் சிறு துருத்திகளும் குழல்களும். பக்கவாட்டில் தொங்கும் கயிற்றை இழுத்தால் துருத்தியின் காற்று குழல் வழியே பாய்ந்து ஒலி எழும். குயிலோசைக் கடிகாரத்தில் இரு துருத்திகள் இரு சுரங்களை எழுப்புவதும் இதே முறையில்தான். சேவல், கூட்டிலுள்ள குஞ்சுகள், ஐரோப்பியக் குயில் ஆகியவற்றோடு பசு, கழுதை, ஆட்டுக்குட்டி முதலியவற்றின் குரல்களும் இதில் கேட்டன. ஆங்கிலம், பிரெஞ்சு உள்ளிட்ட மொழிகளிலும் விற்பனையானது. ஆனால் சிறு குழந்தைகள் இழுத்து விளையாடத் தாங்கும் பொருளன்று அது. துருத்தி கிழிந்தால் பறவை ஊமையாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பரவின. அவற்றைக் குழந்தை கடிக்கலாம், கீழே போடலாம். பின்னர் மின்கலத்தில் இயங்கும் சில்லுகள் மலிவானதும் துருத்தியின் இடத்தைப் பொத்தான் பிடித்தது. குழலின் போலிக் குரலுக்குப் பதிலாகக் காட்டில் பதிவுசெய்த உண்மைக் குரலையே கேட்க முடிகிறது. கொமேனியஸின் காகம் கத்த வேண்டுமானால் அருகில் ஒரு தாயோ ஆசிரியரோ உட்கார்ந்து வாய்விட்டுக் கத்த வேண்டும். பொத்தானை அழுத்த ஒரு வயதுக் குழந்தையின் விரலே போதும்.