உலோகத்தை ஒளியால் எடை போட்ட கதை

பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரோடு என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். மூலதனச் செலவு பற்றிய பாடத்தில் வரும் கணக்குகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பவுண்டரி முதலாளி, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் இயந்திரத்தை வாங்கப் போகிறார். எதை வாங்குவது? விலைப்பட்டியலைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த இயந்திரம் வந்த வழியைப் பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

ஆரம்பம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க். 1859, 1860 ஆண்டுகளில் கிர்க்காஃபும் புன்சனும் ஒரு விஷயத்தை நிலைநாட்டினார்கள். சூடேறி ஒளிரும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டும். கைரேகை மாதிரி. இதை வைத்தே 1860இல் டுர்க்ஹைம் ஊற்று நீரில் சீசியம் என்ற புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குக் கோடு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் கையில் பிடிக்க 40 டன்னுக்கும் மேல் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது, கிடைத்த உப்போ சில கிராம்!

ஆக, "இருக்கிறதா?" என்று கேட்டால் ஒளி உடனே பதில் சொல்லிவிடும். "எவ்வளவு?" என்று கேட்டால்தான் தகராறு. வியாபாரத்துக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது பதில்.

முதலில் இதைக் கேட்டுப் பார்த்தவர்களில் லண்டன் நாணயச்சாலையும் உண்டு. தங்க நாணயத்தில் செம்பு கொஞ்சம் கூடினாலும் அரசாங்கத்தின் பெயர் கெடும். அதுவரை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஈயத்தோடு உருக்கித்தான் தங்கத்தின் தரம் பார்த்தார்கள். நாணயச்சாலை வேதியியலாளர் சாண்ட்லர் ராபர்ட்ஸும், சூரிய ஒளியில் ஹீலியத்தின் கோட்டைக் கண்ட நார்மன் லாக்கியரும் சேர்ந்து, பொறியின் ஒளியை வைத்து உலோகக் கலவையை அளக்க முயன்று 1874இல் கட்டுரை வெளியிட்டார்கள். யோசனை அருமை. ஆனால் பொறி தொடுவது ஒரு துளி இடத்தை மட்டும். அந்த இடம் முழுக் கட்டிக்கும் சாட்சி சொல்லுமா? மேலும் பொறி ஒரு நேரம் போல் இன்னொரு நேரம் எரியாது. நாணயச்சாலை பழைய முறையைக் கைவிடவில்லை. நான் அங்கே கணக்கராக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் :-)

பொறியின் ஆட்டத்துக்கு மருந்து 1925இல்தான் வந்தது. ஸ்டெர்ன்-கெர்லாக் சோதனையால் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்த அதே வால்டர் கெர்லாக் சொன்ன வழி இது. கலப்புத் தனிமத்தின் கோட்டைத் தனியாக அளக்காதே, பக்கத்திலிருக்கும் மூல உலோகத்தின் கோட்டோடு ஒப்பிடு. பொறி மங்கினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மங்கும், விகிதம் அவ்வளவாக மாறாது. பி.காம். நண்பர்களே, இது நம் விகிதப் பகுப்பாய்வேதான்! லாபத்தை மட்டும் பார்க்காமல் விற்பனையோடு சேர்த்துப் பார்ப்பது போல.

ஆனாலும் விகிதத்தைச் சதவீதமாக்க, அளவு ஏற்கெனவே உறுதியான மாதிரிக் கட்டிகள் வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 1906இலேயே வார்ப்பிரும்பு மாதிரிகளை வெளியிட ஆரம்பித்திருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிச் சண்டை போட்டால் தீர்ப்பு சொல்ல ஒரு பொது அளவுகோல் வேண்டுமே.

அடுத்து வேகம். புகைப்படத் தகட்டில் கோடுகளைப் பதித்து, கழுவி, காயவைத்து, கருமையை அளக்கும் வரை உலை காத்திருக்க வேண்டும். டௌ கெமிக்கல் நிறுவனத்தில் சாண்டர்சனும் சகாக்களும் தகட்டை நீக்கி, கோடு விழும் இடத்தில் ஒளிப்பெருக்கிக் குழாய்களை வைத்தார்கள். மக்னீசியக் கலவைகளுக்காகச் செய்த அந்தக் கருவியைப் பற்றி 1945இல் எழுதினார்கள். 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆக்சிஜன் ஊதி எஃகு செய்யும் முறை வந்தபோது, பல மணி நேர வேலை ஏறக்குறைய இருபது நிமிட ஊதலாகச் சுருங்கியது. இனி மெதுவான சோதனையை வைத்துக்கொண்டு யாரும் தொழில் நடத்த முடியாது.

சரி, நம் முதலாளிக்கு வருவோம். குழாய் வைத்த இயந்திரத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குழாய். வாங்கும்போது எந்தத் தனிமம் வேண்டும் என்று சொல்கிறோமோ அதுதான் கிடைக்கும், பிறகு சேர்ப்பது செலவு. சிசிடி வைத்தவை கோடுகளைப் பரவலாகப் பிடிப்பதால், பின்னால் புதுத் தனிமம் சேர்ப்பது சுலபம். இரும்புக்காரருக்கு இன்னொரு சிக்கல். கார்பன் 193, கந்தகம் 181, பாஸ்பரஸ் 178 நானோமீட்டர் அருகே ஒளிர்கின்றன. அந்த ஒளியைக் காற்று விழுங்கிவிடும். எனவே கருவிக்குள் வெற்றிடமோ ஆர்கானோ வேண்டும். பொறி விழும் இடத்திலும் மிகத் தூய ஆர்கான் ஓட வேண்டும். அலுமினியம் மட்டும் வார்ப்பவர் இந்த ஆழத்துக்குப் போகத் தேவையில்லாமல் இருக்கலாம்.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில் இருப்பது ஆர்கான் சிலிண்டரும் மாதிரிக் கட்டிகளும்தான். என் கணக்கில் அவைதான் மேலே வர வேண்டும். மாதாமாதம் காசு கேட்பவை அவைதானே.

லாக்கியர் காலத்துத் துளிச் சிக்கலும் இன்னும் போகவில்லை. சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட்டாகத் தனித்துக் கிடக்கும். அதில் நேரடியாகப் பொறி விட்டால் கார்பன் அளவு தப்பாக வரும். அதனால் உருகிய இரும்பைச் செப்பு அச்சில் ஊற்றிச் சட்டென்று குளிரவைத்து, வெள்ளை இரும்பாக்கித்தான் சோதிக்கிறார்கள். எவ்வளவு பணம் கொட்டி இயந்திரம் வாங்கினாலும் இந்தச் செப்பு அச்சைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.